வசந்த காலத்தில் ஏரிக்கரைக் காட்டில் முதல்முறை பறவை பார்க்கப் போகிறேன், எப்படி நடப்பது, எதைக் கவனிப்பது?

முதலில் ஒன்று: நிறைய நடக்காதீர்கள். ஆரம்பத்தில் நான் ஏரியை முழுசாகச் சுற்றிவிட வேண்டும் என்று வேகமாக நடந்து, புதருக்குள் மறைகிற வால்களை மட்டும்தான் பார்த்தேன். ஒரு நாள் கால் வலிக்கிறதே என்று, மரங்கள் முடிந்து தண்ணீர் தொடங்குகிற இடத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்தேன். அதற்கு முன் போன நடைகள் எல்லாவற்றையும் சேர்த்தாலும் அவ்வளவு பார்த்ததில்லை.

அந்த ஓரத்தில் கூட்டம் சேரக் காரணம் உண்டு. கதிர்க்குருவி மாதிரி சின்னப் பறவைகள் பலவும் இரவில் வலசை போய், விடியும்போது பசியோடு இறங்குகின்றன. குளிர் முழுசாக விலகாத நாட்களில் காட்டுக்குள் பூச்சி குறைவு, ஆனால் ஏரியிலிருந்து கொசு போன்ற பூச்சிகள் திரள் திரளாகக் கிளம்பும், அதனால் கரையோரக் கிளைகள்தான் அந்தப் பறவைகளுக்குச் சாப்பாட்டு இடம். மரங்கள் முழுசாகத் துளிர்ப்பதற்கு முன்பே போய்விடுங்கள், இலை அடர்ந்துவிட்டால் பிறகு குரல் மட்டும்தான் கிடைக்கும்.

நேரம் விடியற்காலை. சூரியன் முதுகுப் பக்கம் இருக்கட்டும், இல்லையென்றால் தண்ணீர் மேல் இருப்பதெல்லாம் கறுப்பு நிழலாகத் தெரியும். பைனாகுலர் 8x42 போதும், அதாவது 8 மடங்கு உருப்பெருக்கம், முன்கண்ணாடி 42 மி.மீ.; அதிகாலை மங்கல் வெளிச்சத்துக்கு அந்த அகலம் உதவும்.

கரையில் ஒரு குட்டிப் பறவை நிற்காமல் பின்பக்கத்தை ஆட்டிக்கொண்டே நடந்தால் அது அநேகமாக உள்ளான். ஆனால் என் மனதை முழுசாகப் பிடித்தது கொண்டை முக்குளிப்பான் என்கிற நீர்ப்பறவை. ஜோடி எதிரெதிரே நின்று தலையை ஆட்டும், அப்புறம் முங்கி, அலகில் நீர்ச்செடியோடு எழுந்து, நெஞ்சோடு நெஞ்சு சேர்த்து தண்ணீர் மேல் நிமிர்ந்து நிற்கும். முதல் தடவை பார்த்தபோது பைனாகுலரைக் கீழே இறக்கவே மனசு வரவில்லை.

இன்னொன்று, இது கூடு கட்டும் காலம். ஒரு பறவை உங்களையே சுற்றிச் சுற்றிப் படபடத்துக் கத்தினால் கூடு பக்கத்தில்தான் இருக்கிறது, தேடிப் பார்க்காமல் வந்த வழியே பின்வாங்குங்கள். போனில் பறவைக் குரலை ஓடவிட்டுக் கூப்பிடவும் வேண்டாம், போட்டிக்கு இன்னொரு ஆண் பறவை வந்துவிட்டதாக நினைத்து அங்கிருக்கும் பறவை இரையை விட்டுவிட்டு அலையும்.