வாசகர் கேள்வி: அரசு நடத்தினால் அது சோஷலிசமா?

கேள்வி: சந்தை இருந்தால் முதலாளித்துவம், அரசு நடத்தினால் சோஷலிசம் என்று படித்தேன். அப்படியானால் அரசு ரயிலும் அரசு மருத்துவமனையும் உள்ள நாடெல்லாம் சோஷலிச நாடா?
– ஒரு கல்லூரி மாணவி

பதில்: இல்லை. பொருளியல் வகுப்பு எடுக்கும் என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி இது, எனக்கு மிகவும் பிடித்த கேள்வியும்கூட. இரண்டு விஷயங்கள் இதில் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. ஆலையும் நிலமும் யாருக்குச் சொந்தம் என்பது ஒன்று. எதை, எவ்வளவு உற்பத்தி செய்வது என்பதை முடிவு செய்வது விலையா, திட்ட அலுவலகமா என்பது வேறொன்று.

1942 பிப்ரவரியில் அமெரிக்க அரசு பொதுமக்களுக்கான கார் உற்பத்தியை நிறுத்தச் சொன்னது. கார் கம்பெனிகள் போர்த் தளவாடங்கள் செய்யத் தொடங்கின. முதலாளிகள் மாறவில்லை, முடிவு மட்டும் அரசின் கைக்குப் போனது. யூகோஸ்லாவியாவில் இது தலைகீழ். 1950-ல் வந்த சட்டம் ஆலை நிர்வாகத்தைத் தொழிலாளர் கவுன்சில்களிடம் கொடுத்தது. அங்கே தனி முதலாளி இல்லை, ஆனால் நாளடைவில் அந்த ஆலைகள் சந்தையில் போட்டி போட்டு விற்றன.

சோவியத் நாட்டில் உடைமை, முடிவு இரண்டுமே அரசிடம். அங்கே சரவிளக்கு செய்யும் ஆலைக்கு இலக்கு டன் கணக்கில் வந்தது. விளக்கு எவ்வளவு கனமோ அவ்வளவு சீக்கிரம் இலக்கு முடியும் என்பதால் கனமாகவே செய்தார்கள். 1959-ல் சோவியத் தலைவர் குருசேவே இதைச் சொல்லிக் குறைபட்டார். ஆலை மேலாளரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. "இவ்வளவு கனம் எனக்கு வேண்டாம்" என்று வாங்குபவர் நினைப்பது அந்த அமைப்பில் மேலாளர் காதுக்கு வந்து சேராது. விலைதான் இந்தச் செய்தியைச் சுமந்து போகிறது என்று 1945-ல் வாதிட்டார் பொருளியலாளர் ஹாயெக். நான் அதை முழுதாக ஏற்கிறேன்.

ஆனால் விலைக்குக் கேட்பது காசுள்ளவர் குரல் மட்டும்தான். மருந்து வாங்க வழியில்லாத நோயாளி சந்தையின் கணக்கிலேயே வரமாட்டார். அதனால்தான் 1948-ல் பிரிட்டன் எல்லாருக்கும் பொதுவான சுகாதாரச் சேவையைத் தொடங்கியது. நிலக்கரி, ரயில் என்று சில தொழில்களும் அரசிடம் போனாலும் பெரும்பாலான தொழில்கள் தனியாரிடமே இருந்தன. அதைக் கலப்புப் பொருளாதாரம் என்றுதான் சொல்ல வேண்டும்.

கேள்வி: உபரி மதிப்பு என்றால் லாபம்தானே?

பதில்: மார்க்ஸ் சொன்ன உபரி மதிப்பில் லாபம் ஒரு பங்கு. பத்து மணி நேர வேலையில் ஐந்து மணி நேரத்திலேயே தொழிலாளி தன் கூலிக்கு ஈடான மதிப்பை உண்டாக்கிவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மீதி ஐந்து மணி நேரத்தில் உண்டாவது உபரி. முதலாளியின் லாபம், கடன் கொடுத்தவரின் வட்டி, நிலக்காரரின் வாடகை எல்லாம் அதிலிருந்துதான் என்றார் மார்க்ஸ். கூலியில் ஏமாற்றாமல், சந்தை விலைப்படியே கொடுத்தாலும் உபரி வரும் என்பதுதான் இதில் முக்கியம், பலர் இதை விட்டுவிடுகிறார்கள். மார்க்ஸின் இந்தக் கணக்கு, மதிப்பு உழைப்பிலிருந்து வருகிறது என்பதை நம்பி நிற்கிறது. ஆனால் ஒரு பொருளின் மதிப்பு உழைப்பிலிருந்து வருவதில்லை, வாங்குபவருக்கு அது தரும் பயனிலிருந்தே வருகிறது என்றார்கள் 1871-ல் பொருளியலாளர்கள் ஜெவன்ஸும் மெங்கரும். தேர்வில் இரண்டையும் எழுதிவிட்டு, நீங்கள் எந்தப் பக்கம், ஏன் என்பதையும் எழுதுங்கள்.