கயிற்றை இழுத்தவருக்கு என்ன கிடைத்தது?

அன்புள்ள ஐயா,
ஒரகடத்தில் ஒரு கார் தொழிற்சாலையில் தர ஆய்வுப் பிரிவில் இருக்கிறேன். மாதம் இரண்டு பயிற்சி வகுப்பு நடத்துகிறோம். ஆனாலும் அதே குறைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஆட்களுக்குக் கற்கும் ஆர்வமே இல்லை. தரத்தை மேம்படுத்த கைசன், சிக்ஸ் சிக்மா என்று முறைகள் இருக்கின்றனவே, எதில் தொடங்கலாம்?
ர.

அன்புள்ள ர.,

எதில் வேண்டுமானாலும் தொடங்குங்கள், அது பெரிய விஷயமில்லை. ‘ஆர்வமே இல்லை’ என்று எழுதினீர்களே, அதுதான் இரண்டு நாளாக உறுத்துகிறது.

கலிபோர்னியாவில் ஃப்ரீமாண்ட் என்ற ஊரில் இருந்த ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை, ஆட்கள் சரியில்லை என்று பெயர் கெட்டு 1982-இல் மூடப்பட்டது. 1984-இல் டொயோட்டாவும் சேர்ந்து அதை ‘நம்மி’ என்ற பெயரில் திறந்தபோது, உள்ளே வந்தவர்களில் பெரும்பாலோர் அதே பழைய ஆட்கள். பலரை ஜப்பானுக்கு அனுப்பி, டொயோட்டாவின் தகாவோகா ஆலையில், வண்டிகள் வரிசையாக நகரும் உற்பத்தி லைனிலேயே நிற்கவைத்துப் பழக்கினார்கள். கொஞ்ச காலத்தில் நம்மி கார்களின் தரம் ஜப்பான் ஆலைகளுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது.

நம்மி 2010-இல் மூடப்பட்டது. இருந்தவரை அங்கே லைனில் தலைக்கு மேலே ஒரு கயிறு ஓடும். குறை கண்ணில் பட்டால் யாரும் இழுக்கலாம். விளக்கு எரியும், டீம் லீடர் ஓடி வருவார். வண்டி அந்த இடத்தைத் தாண்டுவதற்குள் சரிசெய்ய முடியாவிட்டால்தான் லைன் நிற்கும். அப்புறம் ஏன், ஏன் என்று கேட்டுக்கொண்டே காரணம் வரை போவார்கள். கண்டுபிடித்தது வேலைமுறைத் தாளில் ஏறும். படிப்பு அங்கேதான் நடந்தது, உங்களுடையது மாதிரி ஏசி வகுப்பில் இல்லை.

பத்தொன்பது வயதில் அம்பத்தூரில் ஒரு உதிரிபாகப் பட்டறையில் அப்ரண்டிஸாக இருந்தேன். துளை அளவு சரிதானா என்று நுழைத்துப் பார்க்கும் ‘கோ கேஜ்’ ஒருநாள் நுழையவில்லை. ஓடிப்போய்ச் சொன்னேன். “இன்னிக்கு எண்ணிக்கையை உங்கப்பனா முடிப்பான்?” என்றார் சூப்பர்வைசர். எல்லோர் முன்னாலும். அதற்குப் பிறகு அந்தப் பட்டறையில் நான் எதையும் சொன்னதில்லை. கேஜ் இறுகினால் ஒரு தட்டுத் தட்டி உள்ளே தள்ளிவிட்டு அடுத்த பீஸை எடுப்பேன். என்னையும் ஆர்வமில்லாதவன் என்றுதான் எழுதி வைத்திருப்பார்கள்.

பக்கத்து மெஷினில் ஒரு பெரியவர். துளையைச் சரியான அளவுக்குச் சீவும் ரீமர் தேய்வதைச் சத்தத்திலேயே சொல்லிவிடுவார், என்னிடம் மட்டும், தாழ்ந்த குரலில். நான் இருந்தவரை அவரிடம் ஒருவரும் ஒன்றும் கேட்டதில்லை.

தம்பி, உங்கள் லைனில் கடைசியாக ஒருவர் குறை சொன்னபோது அவருக்கு என்ன கிடைத்தது? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. பொறுமையான பிள்ளை என்று எழுத்திலேயே தெரிகிறது, அதனால்தான் கோபமாகக் கேட்கிறேன். அந்தப் பெரியவர் மாதிரி உங்கள் ஷிப்டில் யார் என்று விசாரித்து எழுதுங்கள். புத்தகப் பட்டியல் அப்புறம் அனுப்புகிறேன்.