அமெரிக்காவின் கூடைப்பந்து லீகான என்பிஏவில், 2023-24 சீசனில் டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் அணி தொடர்ந்து 28 ஆட்டங்கள் தோற்றதற்கு கோச் மான்டி வில்லியம்ஸ்தான் காரணமா?

அவர் மேல் தப்பு உண்டு. ஆனால் அந்த சீசனில் எல்லோரும் அவர் தலையில் கட்டிய அளவுக்கு இல்லை.

2022-23ல், டுவேன் கேஸி கோச்சாக இருந்தபோதே பிஸ்டன்ஸ் 82 ஆட்டங்களில் 17தான் ஜெயித்தது. நம்பர் ஒன் ஆட்டக்காரரான கேட் கன்னிங்ஹாம் காயத்தால் 12 ஆட்டங்களோடு உட்கார்ந்துவிட்டார். அடுத்த ஜூனில் வில்லியம்ஸை 6 ஆண்டுகளுக்கு 7 கோடியே 85 லட்சம் டாலருக்கு ஒப்பந்தம் செய்தார்கள். அதுவரை எந்த என்பிஏ கோச்சுக்கும் அவ்வளவு பெரிய ஒப்பந்தம் கிடைத்ததில்லை. ஃபீனிக்ஸ் சன்ஸை 2021 இறுதிச்சுற்றுக்குக் கொண்டுபோனவர், அடுத்த சீசனில் 64 வெற்றி, சிறந்த கோச் விருது. வந்தவுடன் எல்லாம் மாறிவிடும் என்று ரசிகர்கள் நம்பியதில் தப்பில்லை. முதல் 3 ஆட்டங்களில் 2 வெற்றி. அப்புறம் அக்டோபர் 30 முதல் டிசம்பர் 28 வரை ஒன்றுகூட இல்லை. சீசன் முடிவில் 14 வெற்றி, 68 தோல்வி. அந்த அணியின் வரலாற்றிலேயே இதுதான் மிக மோசமான சீசன்.

அவர் கையில் என்ன அணி இருந்தது என்று பாருங்கள். கன்னிங்ஹாம் பந்தோடு ரிங்கை நோக்கிப் பாய்வார். அவருக்கு வழி கிடைக்க வேண்டுமானால் மற்ற நான்கு பேரில் மூன்று பேராவது தூரத்திலிருந்து ஷாட் போடத் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும். அப்போதுதான் எதிரணி டிஃபெண்டர்கள் அவர்களை விட்டு நகரத் தயங்குவார்கள். பிஸ்டன்ஸில் ஆசார் தாம்ப்ஸன் அருமையான டிஃபெண்டர், ஆனால் அந்த முதல் சீசனில் தூரத்திலிருந்து போட்ட அவருடைய மூன்று பாயிண்ட் ஷாட்களில் ஐந்துக்கு ஒன்றுகூட விழவில்லை. ஜேலன் டியூரன் ரிங்குக்கு அடியில்தான் ஆடுவார். ஆகவே எதிரணி இவர்களைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டு ரிங்குக்கு முன்னால் சுவர் எழுப்பி நிற்கும். ஷூட்டிங்குக்கு நம்பியிருந்த போயன் போக்டனோவிச் காயத்தால் டிசம்பர் தொடக்கம் வரை வரவே இல்லை. கன்னிங்ஹாம் 41 பாயிண்ட் அடித்த இரவிலும் புரூக்ளினிடம் தோற்றார்கள். அது தொடர்ச்சியாக 27வது தோல்வி. இந்த அணியைச் சேர்த்தவர் ஜெனரல் மேனேஜர் டிராய் வீவர். வேறு எந்த கோச் வந்திருந்தாலும் 20, 25 வெற்றிக்கு மேல் இழுத்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் 25க்கும் 14க்கும் நடுவில் உள்ள வித்தியாசம் கோச்சுடையதுதான். யாரை இறக்குவது, யாரை யாரோடு சேர்ப்பது என்பது முழுக்க அவர் கையில் இருந்தது. 2022 டிராஃப்டில், அதாவது அணிகள் முறை வைத்துப் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், 5வதாக எடுத்த ஜேடன் ஐவி வேகமானவர், முந்தைய சீசனில் நன்றாக ஆடியவர். அவரை பெஞ்சில் வைத்துவிட்டு, அதுவரை ஷூட்டிங் கைகூடாத கில்லியன் ஹேய்ஸை வாரக்கணக்கில் தொடக்க ஐவரில் இறக்கினார். அந்த ஹேய்ஸை பிப்ரவரியில் அணியே விடுவித்துவிட்டது. வளர வேண்டிய பையனுக்குப் போயிருக்க வேண்டிய நிமிடங்கள் அவை! இன்னொன்று, கன்னிங்ஹாம் ஓய்வெடுக்கும்போது ஐந்து பேரையும் பெஞ்சிலிருந்தே இறக்கும் பழக்கம். பாயிண்ட் அடிக்கத் தெரிந்த ஒருவரையாவது களத்தில் வைக்க வேண்டும் என்பது பள்ளி அணி கோச்சுக்கே தெரியும். நம் நேரத்துக்கு விடியற்காலையில் எழுந்து பார்த்த எத்தனையோ ஆட்டங்கள் இரண்டாவது குவார்ட்டர் தொடக்கத்தில், அந்த ஐந்து நிமிடங்களிலேயே கைவிட்டுப் போயின. இதற்கு மேனேஜரைக் குறை சொல்ல முடியாது.

28வது தோல்வியை மட்டும் நான் இந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன். பாஸ்டனில், அந்த வருடம் கோப்பையை வாங்கிய செல்டிக்ஸுக்கு எதிராக, பாதி ஆட்டத்தில் 19 பாயிண்ட் முன்னிலை. ஓவர்டைம் வரை போராடி 128-122 என்று தோற்றார்கள். 27 ஆட்டம் தோற்ற அணி அப்படி ஆடியதென்றால், வீரர்கள் கோச்சைக் கைவிடவில்லை என்றுதான் அர்த்தம். இரண்டு நாள் கழித்து டொராண்டோவை ஜெயித்தார்கள்.

2024 ஜூனில் வில்லியம்ஸை நீக்கினார்கள். ஜே.பி. பிக்கர்ஸ்டாஃப் வந்தார், அடுத்த சீசனில் 44 வெற்றி. "பார்த்தீர்களா, கோச்தான் பிரச்சினை" என்று பலர் இதைக் காட்டுகிறார்கள். அதே கோடையில் மாலிக் பீஸ்லி, டிம் ஹார்டவே ஜூனியர், டோபியாஸ் ஹாரிஸ் மூவரும் வந்ததை மறந்துவிடுகிறார்கள். பீஸ்லி ஒருவரே அந்த சீசனில் 319 மூன்று பாயிண்ட் ஷாட்கள் போட்டார். கன்னிங்ஹாமுக்கு வழி திறந்தது அப்போதுதான். டெட்ராய்ட்டுக்கு வருவதற்குச் சற்று முன் அதே பிக்கர்ஸ்டாஃபை நீக்கிய கிளீவ்லாந்து அணி, ஏறக்குறைய அதே வீரர்களோடு, கென்னி அட்கின்ஸன் கீழ் 48 வெற்றியிலிருந்து 64க்குப் போனது. அப்படியானால் பிக்கர்ஸ்டாஃப் நல்ல கோச்சா, கெட்ட கோச்சா? கேஸியையும் எடுத்துக்கொள்ளுங்கள். டொராண்டோவில் 59 வெற்றி, சிறந்த கோச் விருது, அதே 2018ல் வேலை போனது. மறு வருடம் நிக் நர்ஸ் கீழ் டொராண்டோ கோப்பையை வாங்கியது, ஆனால் நடுவில் நட்சத்திர ஆட்டக்காரர் கவாய் லெனர்ட் வந்திருந்தார். கோச் மாறிய அடுத்த வருட வெற்றி எண்ணிக்கையை மட்டும் வைத்து யாரையும் தீர்ப்பிடுவது நியாயமே இல்லை.

நான் பார்ப்பது இளம் வீரர்களைத்தான். அக்டோபரில் செய்த தப்பை மார்ச்சிலும் செய்கிறார்களா? பந்தைத் தொலைப்பது குறைந்ததா, டிஃபென்ஸில் ஒருவருக்கொருவர் கைகொடுக்கிறார்களா? வில்லியம்ஸின் ஒரே சீசனில் இதில் பெரிதாக எதுவும் நகரவில்லை. அதனால் அவரை நீக்கியது சரி என்றே சொல்வேன்.

ஆனால் முதல் பழி அவருக்கு இல்லை. அந்தத் தொடர் தோல்வியின்போது டெட்ராய்ட் அரங்கில் ரசிகர்கள் "அணியை விற்றுவிடு" என்று உரிமையாளர் டாம் கோர்ஸைப் பார்த்துத்தான் கத்தினார்கள். வீவரை நான்கு வருடம் வைத்திருந்ததும், அந்த அணிக்கு இந்த கோச் போதும் என்று அவ்வளவு பணத்துக்கு ஒப்புக்கொண்டதும் அவர்தான்.