கட்டம் போட்டு வரைந்தவர்தான் வான்கோவும்

கேள்வி: எனக்கு 36 வயது. இரண்டு வருடமாக யூடியூப் பார்த்து அக்ரிலிக்கில் படம் வரைகிறேன். வான்கோ என்றால் உயிர். எங்கள் ஊர்க் குளத்தை அவர் பாணியில் சுழல் சுழலாக வரைந்து வீட்டு வாட்ஸப் குழுவில் போட்டேன். ஓவியக் கல்லூரியில் படிக்கும் என் நாத்தனார் மகன், "அத்தை, இதுல வான்கோ இருக்காரு, நீங்க எங்க இருக்கீங்க?" என்று எழுதிவிட்டான். அதிலிருந்து ஒரு மாதமாக பிரஷ்ஷைத் தொடவில்லை. பிறர் ஓவியங்களைப் பார்ப்பதையே நிறுத்திவிட்டால்தான் எனக்கென்று ஒரு பாணி வருமா?
– ஈரோடு வாசகி

பதில்: பையன் கேட்டது நல்ல கேள்விதான். அதற்காக நீங்கள் பிரஷ்ஷைக் கழுவி மூலையில் வைத்ததைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. பார்ப்பதை நிறுத்தவே கூடாது. உங்கள் உயிரான வான்கோ நிறுத்தவில்லையே!

அவர் ஓவியராவது என்று முடிவெடுத்தது 1880இல், 27 வயதில். பெல்ஜியத்தின் நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்துகொண்டு அவர் செய்த முதல் வேலை, மியே என்ற பிரெஞ்சு ஓவியரின் படங்களைப் பார்த்துப் பார்த்துத் திரும்ப வரைந்ததுதான். விதைப்பவர், அறுப்பவர், மண் வெட்டுபவர் என்று தாள் தாளாக.

அப்புறம் பாரிஸ். அங்கே ஜப்பானிய மரக்கட்டை அச்சுப்படங்கள் மலிவாகக் கிடைத்தன. அவரும் தம்பி தியோவும் நூற்றுக்கணக்கில் வாங்கிச் சேர்த்தார்கள். 1887இல் ஜப்பானிய ஓவியர் ஹிரோஷிகேயின் இரண்டு படங்களை, பூத்த பிளம் மரத்தையும் மழையில் நனையும் பாலத்தையும், அப்படியே எண்ணெய் வண்ணத்தில் வரைந்தார். எப்படி? அச்சுப்படத்தின் மேல் தாளை வைத்துக் கோடுகளை எடுத்து, கட்டம் போட்டு, கேன்வாஸில் பெரிதாக்கினார். கட்டம் போட்ட அந்தத் தாள் இன்றும் இருக்கிறது. காலண்டர் முருகனைக் கட்டம் போட்டு வரைந்துவிட்டு, அதை யாரிடமும் சொல்லாமல் மறைத்த என் தலைமுறைக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் தெரியுமா?

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. ஹிரோஷிகே, ஹொக்குசாய் படங்களில் நாம் "ஆகா, ஜப்பான்!" என்று மயங்கும் அந்த ஆழ்ந்த நீலம் 1700களின் தொடக்கத்தில் பெர்லினில் தற்செயலாகப் பிறந்த சாயம். பிரஷ்யன் நீலம் என்பார்கள். கப்பலேறி ஜப்பானுக்குப் போனது. தூரத்தில் இருப்பதைச் சின்னதாகக் காட்டும் ஐரோப்பிய உத்தியும், நாகசாகியில் கடை விரித்திருந்த டச்சு வணிகர்கள் வழியாக அங்கே போய்ச் சேர்ந்ததுதான். டச்சுக்காரர் மூலம் போனது ஜப்பானியக் கைபட்டு வேறாகி, இன்னொரு டச்சுக்காரரான வான்கோவிடம் திரும்பி வந்தது. இதில் யார் யாரைக் காப்பியடித்தார்கள் என்று உங்கள் மருமகனிடமே கேளுங்கள்.

நம் பக்கமும் இந்தக் கதை உண்டு. நெதர்லாந்தை விட்டு வெளியே காலடி வைக்காத டச்சு ஓவியர் ரெம்ப்ராண்ட், 1650களின் பிற்பகுதியில் முகலாயச் சிற்றோவியங்களைப் பார்த்து இருபதுக்கும் மேற்பட்ட படங்கள் வரைந்தார். மரத்தடியில் நான்கு பெரியவர்கள் உட்கார்ந்திருக்கும் ஒரு படத்தின் அமைப்பு, பைபிளில் வரும் ஆபிரகாம் தேவதூதர்களுக்கு விருந்து வைக்கும் அவருடைய 1656ஆம் ஆண்டுச் செதுக்கோவியத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அதற்கு அரை நூற்றாண்டு முன்பே, 1600 வாக்கில், முகலாய அரண்மனையைச் சேர்ந்த அபுல் ஹசன் என்ற பன்னிரண்டு வயதுப் பையன், ஜெர்மானிய ஓவியர் டியூரரின் சிலுவைக் காட்சியைப் பார்த்து வரைந்திருக்கிறான். முழுக் காட்சியையும் அல்ல; கைகளைப் பிசைந்துகொண்டு நிற்கும் இயேசுவின் சீடர் யோவானை மட்டும் எடுத்துக்கொண்டான். பின்னாளில் ஜஹாங்கீர் அவனுக்கு "காலத்தின் அற்புதம்" என்று பட்டமே கொடுத்தார்.

அந்த 'மட்டும்'தான் உங்களுக்கு நான் சொல்ல வந்தது. அனுப்பிய படத்தைப் பார்த்தேன். வான்கோவின் சுழலையும் எடுத்திருக்கிறீர்கள், நீலத்தையும் மஞ்சளையும் எடுத்திருக்கிறீர்கள், கரையில் அவர் படங்களில் வரும் ஐரோப்பிய சைப்ரஸ் மரம்கூட நிற்கிறது! ஈரோட்டுக் குளத்தங்கரையில் சைப்ரஸ் எங்கிருந்து வந்தது? பையனுக்கு உறுத்தியது அதுதான்.

வான்கோ அப்படி மொத்தமாக எடுக்கவில்லை. 1889 இலையுதிர்காலம் முதல் மறுவருடத் தொடக்கம் வரை, பிரான்சின் செயின்ட் ரெமி மனநலக் காப்பகத்தில் இருந்தபடி, மியேவைப் பார்த்து 21 ஓவியங்கள் தீட்டினார். கையில் இருந்ததெல்லாம் கறுப்பு வெள்ளை அச்சுகளும் போட்டோவும். 'முதல் அடிகள்' என்ற படத்துக்கு போட்டோவில் மறுபடியும் கட்டம்! தோட்டத்தில் அப்பா கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், குழந்தை நடக்கப் பார்க்கிறது. அமைப்பு மியேவினுடையது, அந்த இளம்பச்சையும் நீலமும் முழுக்க வான்கோவினுடையவை. பீத்தோவனின் இசையை வாசிப்பவர் தன் பாணியில் வாசிப்பதில்லையா, அதுபோலத்தான் இதுவும் என்று தம்பிக்குக் கடிதம் எழுதினார். நம் பாடகர்கள் தியாகராஜர் கீர்த்தனையைப் பாடும்போது யாராவது காப்பி என்கிறோமா?

நம் ஓவியர் அம்ரிதா ஷேர்-கில்லும் பாரிஸில் படித்து, பிரெஞ்சு ஓவியர்களான செசான், கோகன் பாதிப்போடுதான் 1934இல் இந்தியா திரும்பினார். அஜந்தாவைப் பார்த்துவிட்டு, தெற்கே கன்னியாகுமரி வரை வந்து போன பிறகு, 1937இல் வரைந்த 'மணப்பெண்ணின் அலங்காரம்' போன்ற படங்களில் பழைய பாதிப்பு மறையவில்லை. ஆனால் அஜந்தாவின் மண் நிறமும் சேர்ந்துகொண்டது. அதாவது, ஒருவரின் பிடி இறுகும்போது கண்ணை மூடிக்கொள்ளாதீர்கள், இன்னொருவரையும் பாருங்கள்.

சரி, இப்போது வேலைக்கு வருவோம். உங்களுக்குப் பிடித்த ஏதாவது ஒரு ஓவியத்தைக் கறுப்பு வெள்ளையில் பிரின்ட் எடுங்கள். அசல் நிறத்தை மறந்துவிட்டு உங்கள் நிறத்தைப் போடுங்கள். நான்கைந்து படம் இப்படிப் போட்டால் கை எந்த நிறத்துக்குப் போகிறது என்று உங்களுக்கே பிடிபடும். பின்பக்கம் 'இன்னாரைப் பார்த்து வரைந்தது' என்று எழுதுங்கள். விற்கும் எண்ணம் இருந்தால் ஒரு எச்சரிக்கை: நம் நாட்டில் ஓவியர் இறந்து 60 ஆண்டுகள் வரை காப்புரிமை உண்டு. வான்கோவால் வம்பு வராது. 1973இல் இறந்த பிக்காசோவை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

அப்புறம் ஒருநாள் காலை ஆறு மணிக்கு போனை வீட்டில் வைத்துவிட்டு அந்தக் குளத்துக்குப் போங்கள். தண்ணீர் பாசிப்பச்சையா, செம்மண் கலங்கலா, கரையில் நிற்பது வேலமரமா, வேம்பா என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். சுழல் வேண்டுமானால் இருக்கட்டும், சைப்ரஸை மட்டும் வெட்டிவிடுங்கள். மருமகனையும் ஸ்கெட்ச் நோட்டோடு கூட்டிப்போங்கள். அவன் யார் மாதிரி வரைகிறான் என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.