பாபிலோனில் நாடுகடத்தப்பட்ட யூதர்கள் நம்பிக்கையை எப்படிக் காத்தார்கள்?

திரும்பிப் போவோம் என்ற ஏக்கம் மட்டும் போதுமாயிருந்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். போதவில்லை என்றே நினைக்கிறேன்.

கி.மு. 597இல் எருசலேமிலிருந்து முதல் பெருங்கூட்டம் பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனபின், இரண்டே வருடத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்றார் அனனியா என்ற தீர்க்கதரிசி. கேட்க இனிமையான பேச்சு, நடக்கவில்லை. எரேமியா தீர்க்கதரிசியோ சிறைப்பட்டுப் போனவர்களுக்குக் கடிதம் எழுதினார்: வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்யுங்கள், அந்த நகரத்துக்காகவே ஜெபியுங்கள், எழுபது வருடம் ஆகும். பகைவனின் ஊருக்காக ஜெபிப்பதா! அங்கே கோபம் வந்தது, எரேமியாவைச் சிறைப்படுத்தச் சொல்லிப் பதில் கடிதமே வந்தது.

எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது எரேமியா தன் சொந்த ஊரான ஆனதோத்தில் வாங்கிய நிலம். பாபிலோன் படையின் முற்றுகையில் எருசலேம், காவலில் எரேமியா. அந்த நேரத்தில் பதினேழு சேக்கல் வெள்ளி நிறுத்துக் கொடுத்து, சாட்சி வைத்து நிலம் வாங்குகிறார். பத்திரம் நெடுநாள் கெடாமலிருக்க மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார். தான் அனுபவிக்கப் போகாத நிலம்; ஆனால் இந்த நாட்டில் மக்கள் மறுபடியும் நிலம் வாங்குவார்கள் என்ற நம்பிக்கையின் அடையாளம்.

அழுகையும் இருந்தது. எருசலேமின் அழிவுக்காக அழும் புலம்பல் நூலை வேதத்திலிருந்து யாரும் நீக்கவில்லை. கி.மு. 539இல் பாபிலோன் பாரசீக மன்னர் கோரேசிடம் விழுந்தது, திரும்ப அனுமதி கிடைத்தது. எருசலேமில் புது ஆலயத்துக்கு அஸ்திவாரம் போட்டபோது, பாபிலோனியர் அழித்த பழையதைக் கண்டிருந்த முதியவர்கள் சத்தமிட்டு அழுதார்கள். பலர் பாபிலோனிலேயே தங்கியும் விட்டார்கள்.