டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் சரணடைந்தவர்களையும் கொல்லும் ஆட்டக்காரரை டி.எம். எப்படித் தண்டிப்பது?

"தண்டிப்பது" என்று கேட்டிருக்கிறீர்களே, அதைப் பார்த்துத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். பகடை உருட்டிக் கூட்டாகக் கதை சொல்லி ஆடும் இந்த ஆட்டத்தில் கதையை நடத்துகிற டி.எம். நீங்கள், ஆடுவது ஐந்தாம் பதிப்பு, ஆட்கள் எல்லாரும் நண்பர்கள், அதில் ஒருத்தர் மட்டும் கையைத் தூக்கினவனையும் விடாமல் வெட்டுகிறார் என்று வைத்துக்கொள்கிறேன்.

அவருடைய கேரக்டர் தாளில் 'நல்லவர்' என்றிருப்பதை அடித்துத் 'தீயவர்' ஆக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். ஆக்குங்கள், ஒன்றும் நடக்காது. 1974-இல் ஆட்டம் வந்தபோது அலைன்மென்ட் என்கிற குணப்பிரிவு மூன்றுதான்: ஒழுங்கு, நடுநிலை, குழப்பம். நல்லவன் கெட்டவன் என்கிற ஒன்பது கட்டம் 1978 கையேட்டில் நிலைத்தது. அந்தக் காலத்தில் கட்டம் மாறினால் லெவல் ஒன்று போகும். ஐந்தாம் பதிப்பின் 2014 விதியில் அதெல்லாம் இல்லை. தீமையைக் கண்டுபிடிக்கும் மந்திரமே பேய், பிசாசு, தேவதை மாதிரியான வேற்றுலகப் பிறவிகளைத்தான் காட்டும். பக்கத்தில் கொலைகாரனே நின்றாலும் கம்மென்று இருக்கும்.

எனக்கு இதில் பழைய கடுப்பு ஒன்று உண்டு. பெட்டாலிங் ஜெயாவில் ஒரு குழுவோடு ஆடியபோது என் கேரக்டர் பாலடின், அதாவது அறத்துக்குச் சத்தியம் செய்த புனித வீரன். குகையில் சண்டை முடிந்ததும் டி.எம். மெதுவாக, "மூலையில கோப்ளின் குட்டிங்க இருக்கு. என்ன செய்யப் போறீங்க?" என்றார். கோப்ளின் என்றால் தீய குட்டிப் பூத இனம். கொன்றால் பிள்ளையைக் கொன்ற பாவம், விட்டால் தீமையை வளரவிட்ட பாவம். நான் குட்டிகளைக் கோயிலில் கொண்டுபோய் ஒப்படைத்தேன். அடுத்த வாரம் போனால் கதையில் சில வருஷம் ஓடிவிட்டதாம், குட்டிகள் வளர்ந்து பூசாரியைக் கொன்றுவிட்டனவாம், என் சக்தியெல்லாம் போய்விட்டதாம்! எந்த விதியில் என்று கேட்டால் 1978 கையேட்டைக் காட்டுகிறார். தெரிந்தே தீயது செய்த பாலடினுக்குத்தான் அதிலும் பதவி பறிபோகும். நான் தெரிந்து என்ன செய்தேன்? அதுவும் ஆடிக்கொண்டிருப்பது ஐந்தாம் பதிப்பு. அன்றைக்கு அங்கே தீர்ப்பு சொன்னது கதையில் இருந்த யாருமில்லை, அந்த மனுஷன்தான்.

என் மேஜைக்கு வருகிறேன். கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் கொண்டோ வீட்டில்தான் ஆடுகிறோம், டி.எம். நான். போன கேம்பைனில், அதாவது போன தொடர்கதையில், படகுத்துறை ஒன்றில் கொள்ளைக்காரர்கள் மடக்கினார்கள். சண்டை முடிகிற நேரம், மரத்தின் மேல் காவலிருந்த பையன் வில்லைக் கீழே போட்டுவிட்டு இறங்கி வந்தான். கையைக் கட்டினார்கள். ரோக் என்கிற திருட்டுக் கில்லாடி வேடம் ஆடுகிற தம்பி தாளைப் பார்த்தபடியே சொன்னான்: "அக்கா, ராத்திரி இவனுக்கு யாரு காவல் இருக்குறது? முடிச்சிடுறேன் லா."

"கை கட்டியிருக்கு, பகடை வேணாம். அவன் உன்னையேதான் பாக்குறான். செய்றியா?"

"செய்றேன்."

சரி என்று அடுத்த காட்சிக்குப் போய்விட்டேன். இடி விழவில்லை, சாமி கண்ணைக் குத்தவில்லை. நோட்டில் மட்டும் குறித்துக்கொண்டேன்: இதை யார் பார்த்தார்கள், செத்தவன் யாருக்கு வேண்டியவன், இதனால் யாருக்குச் சந்தோஷம்.

பார்த்தது, தப்பி ஓடிய இரண்டு பேர். அதனால் அடுத்த சண்டையில் ஒருத்தனும் சரணடையவில்லை. எப்படியும் சாவுதான் என்று தெரிந்தவன் போடுகிற சண்டையைப் போட்டார்கள். காயத்தைக் குணமாக்குகிற பூசாரியான கிளெரிக்கிடம் மந்திரம் ஒன்றுகூட மிச்சமில்லை. படகோட்டி பையனுக்குத் தாய்மாமன். பொற்காசை நீட்டினால் "படகு ஓட்டையா இருக்குங்க" என்கிறான், கண்ணெதிரே வேறு ஆட்களை ஏற்றிக்கொண்டு போகிறான். சதுப்பு நிலத்தைச் சுற்றித்தான் போனார்கள். ஆனால் தம்பியை ஆட்டிப்பார்த்தது உப்பு வியாபாரி. ஊரை அடித்து உலையில் போடுகிற ஆள், இவர்கள் எல்லாருக்கும் அவனைக் கண்டாலே ஆகாது. அவன் வந்து தோளில் கைபோட்டு, "உங்க வேலையைக் கேள்விப்பட்டேன். எனக்குக் கடன் பாக்கி வச்சிருக்குற குடும்பம் ஒண்ணு இருக்கு" என்றான். மற்றவர்கள் சிரித்தார்கள். தம்பி சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு நான் எதையும் தூண்டவில்லை. அவனாகவே தன் பங்குக் காசை எடுத்துக்கொண்டு பையனின் அம்மாவைத் தேடிப்போனான். "எம்மவனை உங்களுக்குத் தெரியுமா?" என்றாள். "கூட வேலை செஞ்சோம்." பொய் என்றால் பகடை உருட்டித்தானே ஆகவேண்டும்? உருட்டினான். இருபதுக்குப் பத்தொன்பது. அவள் நம்பிவிட்டாள், உட்காரவைத்துச் சோறு போட்டாள், கடைசியாக அவன் என்ன பேசினான் என்று கேட்டாள். தம்பி பகடையைத் தள்ளிவைத்துவிட்டான்.

சரியாக அந்த நேரம் பார்த்து எங்கள் கொண்டோவின் ஜாகா, அதாவது காவலாளி, வந்து கதவைத் தட்டுகிறார். பகடைச் சத்தம் கேட்கிறது, சூதாட்டம் நடக்கிறது என்று யாரோ புகார் கொடுத்தார்களாம். மேல்மாடியில் நடுராத்திரி வரை கரோக்கே ஓடும், அதற்கு ஒரு புகார் கிடையாது. மேனேஜ்மென்ட் ஆபீசுக்கு இருபது முகப் பகடையை எடுத்துக்கொண்டு போய் விளக்கினேன். பொது மண்டபத்தைப் பதிவு செய்து ஆடுங்கள் என்றார்கள். பதிவு செய்யப் போனால் பகடை விளையாட்டுக்கு மண்டபம் தருவதில்லையாம்! மாதாமாதம் பராமரிப்புக் கட்டணம் வாங்கும்போது மட்டும் எந்தக் கேள்வியும் இல்லை.

இதுவும் சுற்றிவளைத்துத் தண்டிப்பதுதானே என்று கீழே எழுதப்போகிறவர்களுக்கு: அதே நோட்டில் நல்லதையும் குறிக்கிறேன். கிளெரிக் முன்பு ஒரு கழுதைக்காரனின் காலைக் காசு வாங்காமல் குணமாக்கியிருந்தாள். சதுப்பு நிலத்தில் வழிகாட்டியவன் அவன்தான். கர்மா என்றும் சொல்லாதீர்கள். கர்மா யாரும் பார்க்காவிட்டாலும் பிடிக்கும். என் ஆட்டத்தில் சாட்சி இல்லையென்றால் தப்பித்தாயிற்று, அப்படித் தப்பித்தவர்களும் உண்டு. மனசாட்சிக்குப் புள்ளி வைத்து ஆட ஆசையென்றால் 1991-இல் வந்த வாம்பயர் ஆட்டத்தில் 'ஹியூமானிட்டி' என்று அதற்கென்றே ஓர் எண் இருக்கிறது. நான் அதைக் குறை சொல்லவில்லை, உட்காரும்போதே எல்லாரும் சம்மதித்துத்தான் உட்காருகிறார்கள்.

உங்கள் ஆள் மற்றவர்களைக் கடுப்பேற்றவே வெட்டுகிறார் என்றால் கதைக்குள் எதைச் செய்தும் பிரயோஜனமில்லை. ஆட்டம் முடிந்ததும் மாமாக் சாப்பாட்டுக் கடைக்குத் தனியாகக் கூட்டிப்போய், தே தாரிக் டீ வாங்கிக்கொடுத்து நேராகக் கேளுங்கள். அதற்கு முன்னால் ஒன்று: கைகலப்பில் எதிராளியின் உயிர்ப்புள்ளி பூஜ்யமானால், கொல்வதா மயக்கிப்போடுவதா என்பது அடித்தவர் இஷ்டம் என்று விதியிலேயே இருக்கிறது. அம்பு விட்டவருக்கு அந்தச் சலுகை கிடையாது. இது தெரியாமலே வெட்டிக்கொண்டிருக்கும் ஆட்டக்காரர்களை நான் பார்த்திருக்கிறேன். அடுத்த முறை உட்காரும்போது முதலில் இதைச் சொல்லிவிடுங்கள்.