கோழிக்கு வினிகர் தண்ணீர் கொடுக்கலாமா? வீட்டிலேயே தயாரிப்பது எப்படி?

கேள்வி: வீட்டுக் கொல்லையில் ஆறு முட்டைக்கோழிகள் வளர்க்கிறேன். ஒரு மாதமாக முட்டை ஓடு மெலிதாக இருக்கிறது. சில முட்டைகள் எடுப்பதற்குள்ளேயே உடைந்துவிடுகின்றன. எச்சமும் அவ்வப்போது தண்ணீராகப் போகிறது. குடிதண்ணீரில் ஆப்பிள் வினிகர் கலந்து கொடுத்தால் குடற்புழு, கழிச்சல், மெல்லிய ஓடு எல்லாமே சரியாகும் என்கிறார்கள். கடையில் வாங்காமல் பழத்தோலில் நானே செய்து பார்த்தேன். மேலே வெள்ளையாக ஏதோ படர்ந்தது, பயந்து கொட்டிவிட்டேன். வினிகரை எப்படிச் செய்வது, கோழிக்கு எவ்வளவு கொடுப்பது? அதை வைத்துக் கூண்டையும் முட்டையையும் கழுவலாமா?

பதில்: முதலில் கோழியைப் பார்த்துவிடுவோம். வினிகர் தயாராக எப்படியும் ஒன்று முதல் இரண்டரை மாதம் ஆகும், மெல்லிய ஓட்டை அதுவரை விட்டுவைக்கக் கூடாது.

வினிகர் ஓட்டைக் கெட்டியாக்காது. ஒரு முட்டை ஓட்டில் ஏறக்குறைய 2 கிராம் கால்சியம் இருக்கிறது. அத்தனையும் தீவனத்திலிருந்து வரவேண்டும், போதாவிட்டால் கோழி தன் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும். ஒரு முட்டை உருவாக 24 முதல் 26 மணி நேரம் ஆகிறது. அதில் சுமார் 20 மணி நேரம் ஓடு படிவதற்கே போகிறது. அதிலும் பெரும்பகுதி இரவில், கோழி எதையும் தின்னாமல் கம்பில் உட்கார்ந்திருக்கும்போது நடக்கிறது. அதனால்தான் கால்சியத்துக்காகப் போடும் கிளிஞ்சலை மாவாக அரைத்துப் போடாமல், 2 முதல் 4 மில்லிமீட்டர் துண்டுகளாக உடைத்துப் போடச் சொல்கிறேன். துண்டுகள் அரைவைப்பையில் தங்கி, ராத்திரி முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். மாவு சீக்கிரமே கடந்து போய்விடும். சாயங்காலம் ஒரு தனிக் கிண்ணத்தில் கிளிஞ்சல் துண்டுகளை வையுங்கள். தீவனத்தில் கலக்க வேண்டாம். தேவைப்படும் கோழி தானே தேடி வந்து தின்னும். இன்னும் முட்டையிடாத இளங்கோழிகளுக்கு அதிகக் கால்சியம் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பதும் ஒரு காரணம்.

அப்புறம், என்ன தீவனம் போடுகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. முட்டைக்கோழித் தீவனத்தில் சுமார் 16 சதவீதம் புரதமும், 3.5 முதல் 4 சதவீதம் கால்சியமும் இருக்கவேண்டும். அதைச் சரியாக வாங்கிப் போட்டுவிட்டு, கூடவே சோறு, காய்கறித் துண்டு, தானியம் என்று கை நிறைய அள்ளிப் போட்டால் அந்தக் கணக்கு குலைந்துவிடும். ஒரு கோழி நாளொன்றுக்கு 100 முதல் 120 கிராம்தான் தின்னும். மிச்சம் மீதியெல்லாம் அதில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. நல்ல தீவனம் வாங்குகிறவர்கள் வீட்டிலும் ஓடு மெலிவதற்கு நான் அதிகம் பார்க்கும் காரணம் இதுதான்.

வெப்பமும் ஒரு காரணம். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் உடம்பைக் குளிர்விக்கும். அப்படி இரைக்கும்போது ரத்தத்திலிருந்து கார்பன் டை ஆக்ஸைடு அளவுக்கு மீறி வெளியேறிவிடுகிறது. ஓட்டில் உள்ள கார்பனேட்டுக்கு மூலப்பொருளே அதுதான். வெயிலில் தீவனமும் குறைவாகத்தான் தின்னும். ஆக, நிழலும் குளிர்ந்த தண்ணீரும் ஓட்டுக்கு நேரடியான மருந்து. வயதான கோழிக்கும், சுவாச நோய் வந்து போன கோழிக்கும் ஓடு மெலியும். ஆறு கோழிகளில் ஒன்று மட்டும் இப்படி இடுகிறதா, எல்லாமே இடுகின்றனவா என்று கவனியுங்கள். ஒன்று மட்டும் என்றால் கோளாறு அந்தக் கோழியில். எல்லாமே என்றால் தீவனத்தையும் வெப்பத்தையும்தான் பார்க்கவேண்டும்.

எச்சம் தண்ணீராகப் போவது எல்லா நேரமும் நோய் அல்ல. வெயிலில் நிறையக் குடிக்கும் கோழி அப்படித்தான் போகும். சில எச்சங்களுக்கு ஒருமுறை பசைபோல, பழுப்பாக, கடும் நாற்றத்துடன் ஒன்று வருவதும் இயல்பே, அது பெருங்குடலின் முட்டுப்பைகளிலிருந்து வருவது. பயப்படவேண்டியது ரத்தம் கலந்தால், அல்லது கோழி சிறகை விரித்துக் குறுகி உட்கார்ந்தால். அது காக்சிடியா என்னும் ஒட்டுண்ணியால் வரும் ரத்தக் கழிச்சலாக இருக்கலாம். இதற்கு வினிகரை நம்பி இரண்டு நாள் கடத்துவது ஆபத்து, கால்நடை மருத்துவரிடம் போங்கள், ஆம்ப்ரோலியம் போன்ற மருந்து தேவைப்படும். எச்சத்தில் வெளியேறும் இந்த ஒட்டுண்ணியின் முட்டைகள் தொற்றும் நிலைக்கு வர ஈரமும் கதகதப்பும் ஒன்றிரண்டு நாளும் வேண்டும். தரையில் போட்டிருக்கும் உமியோ மரத்தூளோ உலர்ந்தே இருந்தால் அந்தச் சங்கிலி அறுந்துவிடும். வினிகரால் அந்த முட்டைகளை அழிக்க முடியாது. குடற்புழுவும் அதற்குச் சாகாது. கோழியின் முன் இரைப்பை தானே சுரக்கும் அமிலம் நீங்கள் தண்ணீரில் கலக்கப்போகும் வினிகரைவிடப் பல மடங்கு கடுமையானது. அதையே தாண்டிக் குடலில் வாழும் புழுவுக்கு நம்முடைய ஒரு கரண்டி வினிகர் ஒன்றுமே இல்லை.

சரி, பிறகு வினிகர் எதற்கு? குடிதண்ணீரில் கிருமிப் பெருக்கத்தைக் கொஞ்சம் மட்டுப்படுத்த உதவும். அவ்வளவுதான், அதுவும் அளவோடு. ஒரு லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லிலிட்டர் போதும். வாரத்தில் இரண்டு மூன்று நாள் கொடுத்துவிட்டு மற்ற நாட்களில் வெறும் தண்ணீர் வையுங்கள். வினிகர் கலந்த தண்ணீரை ஒரு நாளுக்கு மேல் விட்டுவைக்காதீர்கள். மிதமான புளிப்பில் ஈஸ்டும் பூஞ்சையும் நன்றாகவே வளரும். குடிதொட்டிச் சுவரில் வழவழப்பாகப் படியும் கசடு பெரும்பாலும் அதுதான்.

மூன்று இடங்களில் மட்டும் கட்டாயம் தவிருங்கள். துத்தநாகம் பூசிய தகரத் தொட்டியில் வினிகர் ஊற்றினால் துத்தநாகம் கரைந்து தண்ணீரில் இறங்கும், அது கோழிக்கு விஷம். பிளாஸ்டிக், கண்ணாடி, எவர்சில்வர் போதும். ராணிக்கெட் எனப்படும் வெள்ளைக்கழிச்சல் நோய்க்கான தடுப்பு மருந்தைக் குடிதண்ணீரில் கொடுக்கும் நாளில் வினிகர் கூடாது, அமிலம் அந்த மருந்தில் உள்ள உயிருள்ள வைரஸைக் கெடுத்துவிடும். கடும் வெயில் நாளிலும் வேண்டாம், சுவை பிடிக்காமல் கோழி குறைவாகக் குடித்துவிட்டால் அதுவே பெரிய நஷ்டம்.

இனி தயாரிப்பு. உங்கள் ஜாடியில் என்ன நடந்திருக்கும் என்பது இதில் புரியும்.

வினிகர் இரண்டு கட்டமாக உருவாகிறது, இரண்டுக்கும் தேவை நேரெதிர். முதல் கட்டத்தில் ஈஸ்ட் சர்க்கரையை ஆல்கஹாலாக்குகிறது, இதற்குக் காற்று வேண்டாம். இரண்டாவதில் அசிட்டிக் அமில பாக்டீரியா அந்த ஆல்கஹாலை அமிலமாக்குகிறது, இதற்குக் காற்று இல்லாமல் முடியாது. இது உயிர்களின் வேலை என்பதை 1860களில் லூயி பாஸ்டர் ஆராய்ந்து காட்டினார். வீட்டில் செய்கிறவர்களில் பலர் தடுமாறுவது இந்த இடத்தில்தான். முதல் நாளிலிருந்தே துணி கட்டி வைத்துவிடுவார்கள், அல்லது கடைசி வரை மூடியே வைத்திருப்பார்கள்.

ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் 100 கிராம் சர்க்கரையைக் கரைத்து, கழுவிய ஆப்பிள் தோல், நடுத்தண்டு, அல்லது திராட்சை, அன்னாசித் தோல் போட்ட ஜாடியில் ஊற்றுங்கள். ஜாடியில் நாலில் ஒரு பங்கு காலியாக இருக்கட்டும். இந்தச் சர்க்கரை அளவுக்குக் காரணம் உண்டு. லிட்டருக்கு சுமார் 17 கிராம் சர்க்கரை 1 சதவீத ஆல்கஹாலைத் தரும். 1 சதவீத ஆல்கஹால் வீட்டு நடைமுறையில் 1 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவான அமிலத்தைத் தரும். 100 கிராமும் பழத்தோலில் உள்ள சர்க்கரையும் சேர்ந்தால் ஏறக்குறைய 5 சதவீதப் புளிப்பு வரும். வேகமாக நடக்க ஒரு சிட்டிகை ரொட்டி ஈஸ்ட் சேர்க்கலாம். பழத்துண்டு மிதந்து காற்றில் நிற்கக் கூடாது, சின்னத் தட்டால் அழுத்தி வையுங்கள். மூடியைத் தளர்வாகப் போட்டு, 20 முதல் 28 டிகிரி செல்சியஸில் ஒன்று முதல் இரண்டு வாரம் விடுங்கள். தினமும் ஒருமுறை சுத்தமான கரண்டியால் கிளறிவிடவேண்டும். குமிழி நின்று இனிப்பு போனதும் வடிகட்டுங்கள். பிழிந்த சக்கையைக் கோழிக்குப் போடாதீர்கள், அதில் ஆல்கஹால் இருக்கும். உரக்குழிக்குப் போகட்டும்.

வடித்த திரவத்தில் அதன் அளவில் நாலில் ஒரு பங்கு வடிகட்டாத, சூடுபடுத்தாத வினிகரைக் கலக்குங்கள். பாக்டீரியாவும் அதிலிருந்து வரும், தொடக்கத்திலேயே புளிப்பு இருப்பதால் பூஞ்சையும் அண்டாது. அகலவாய் ஜாடியில் ஊற்றி, நெருக்கமாக நெய்த துணியால் கட்டுங்கள், இல்லாவிட்டால் பழ ஈ முட்டையிட்டுவிடும். 25 முதல் 30 டிகிரியில், வெயில் படாத இடத்தில், அசைக்காமல் ஒன்று முதல் இரண்டு மாதம்.

இனி அந்த வெள்ளைப் படலம். வழவழப்பாக, பாலாடை போல, கொஞ்சம் ஒளி ஊடுருவுவதாக இருந்தால் அது தாய்ப்படலம், பாக்டீரியா நெய்யும் செல்லுலோஸ். கொண்டாடவேண்டிய விஷயம் அது. மெல்லியதாக, மாவு தூவியது போல, சுருக்கம் விழுந்திருந்தால் மேற்பரப்பில் வளரும் ஒருவகை ஈஸ்ட். ஆபத்தில்லை, ஆனால் மணத்தைக் கெடுக்கும், எடுத்துவிடலாம். பஞ்சு போல மயிர்த்து, பச்சை, கறுப்பு, நீலம் என்று நிறம் காட்டினால் பூஞ்சை. அப்போது மட்டும் முழு ஜாடியையும் கொட்டவேண்டும், மேலாகச் சுரண்டினால் போதாது. உங்களுடையது மூன்றில் எதுவென்று இப்போது சொல்ல முடியாது. அடுத்த முறை கொட்டுவதற்கு முன் வெளிச்சத்தில் வைத்து நன்றாகப் பாருங்கள்.

புளிப்பு முற்றியதும் புட்டியின் கழுத்து வரை நிரப்பி இறுக மூடிவிடுங்கள். ஒருமுறை பாதி ஜாடியைத் துணியோடு அப்படியே மறந்துவிட்டேன். சில மாதத்தில் புளிப்பு போய் வெறும் தண்ணீர் போல ஆகிவிட்டது. ஆல்கஹால் தீர்ந்ததும் சில பாக்டீரியாக்கள் அமிலத்தையே தின்று கார்பன் டை ஆக்ஸைடும் தண்ணீருமாக மாற்றிவிடும்.

எவ்வளவு புளிப்பு என்று அறிய நாக்கும் போதாது, பிஎச் தாளும் போதாது. சிவப்பு முட்டைக்கோஸை வேகவைத்த தண்ணீரை இரண்டு டம்ளரில் சம அளவு எடுத்து, ஒன்றில் 5 சதவீதம் என்று அச்சிட்ட கடை வினிகர் 2 மில்லி, மற்றதில் உங்களுடையது 2 மில்லி விடுங்கள். இரண்டும் இளஞ்சிவப்பாகும். 100 மில்லி தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சமையல் சோடாவைக் கரைத்து, ஊசியில்லாத சிரிஞ்சால் சொட்டுச் சொட்டாக விட்டு, இரண்டும் ஒரே நீல ஊதாவுக்கு வரும் அளவைக் குறியுங்கள். கடை வினிகருக்கு 3 மில்லியும் உங்களுடையதற்கு 2.4 மில்லியும் ஆனால், உங்களுடையது சுமார் 4 சதவீதம். இது தோராயக் கணக்குதான். கோழித் தண்ணீருக்கும் துப்புரவுக்கும் இது போதும். மாதக்கணக்கில் வைக்கும் ஊறுகாய்க்கு வீட்டு வினிகரை நம்பாதீர்கள், அதற்கு உறுதியான 5 சதவீதம் வேண்டும்.

கூண்டு விஷயம் சுலபம். குடிதொட்டியில் படிந்த உப்புக்கறையை எடுக்க வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து அரை மணி நேரம் ஊறவைத்துத் தேய்த்தால் போதும். முதலில் எச்சத்தைச் சுரண்டிவிட்டுச் சோப்புத் தண்ணீரில் கழுவவேண்டும், அழுக்கின் மேல் வினிகர் வேலை செய்யாது. நோய் வந்த கூண்டுக்கு இது போதாது, முறையான கிருமிநாசினி வேண்டும். பிளீச்சிங் பவுடரோடு மட்டும் வினிகரைச் சேர்த்துவிடாதீர்கள், குளோரின் வாயு வரும். மூடிய கூண்டுக்குள் அது கோழியையும் உங்களையும் கொல்லக்கூடியது.

முட்டையை வினிகரில் கழுவவே வேண்டாம். ஒரு முட்டையை ஒரு நாள் வினிகரில் போட்டு வைத்தால் ஓடு முழுவதும் கரைந்து சவ்வு மட்டும் மிஞ்சும். ஓட்டின் மேல் இயற்கையாகவே இருக்கும் பாதுகாப்புப் பூச்சும் அதோடு போய்விடும். லேசான அழுக்கை உலர்ந்த துணியால் துடையுங்கள். கழுவியே ஆகவேண்டுமென்றால் முட்டையைவிடச் சற்றுச் சூடான தண்ணீரில் கழுவுங்கள். குளிர்ந்த நீர் பட்டால் முட்டை உள்ளே சுருங்கி, அழுக்கை ஓட்டின் துளை வழியாக இழுத்துக்கொள்ளும். கழுவியதை அன்றே சமைத்துவிடுங்கள். ஓடு சரியாகும் வரை, விரிசல் தெரியும் முட்டைகளைத் தனியே எடுத்து, மஞ்சள் கரு கெட்டியாகும் வரை வேகவைத்துச் சாப்பிடுங்கள்.